கருத்தக்கண்ணன் காலும் கெண்டைக்குஞ்சும்

சோழவந்தான் கொடிக்கால்களில் கருத்தக்கண்ணனைப் போல வெற்றிலை கிள்ள ஆள் கிடையாது. முப்பத்தேழாம் வருசம் ஆவணியில் அந்த மனுசனைத்தான் கொடிக்கால்காரர் மொக்கைச்சாமி வாசலிலேயே நிறுத்திவிட்டார். முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாகப் படை. கொடிக்கால் என்பது சாமி குடியிருக்கிற இடம், செருப்புக்கூட உள்ளே போகாது.

"கோவிச்சுக்கிறாதப்பா. ஐப்பசி மொத வெள்ளி வரைக்கும் பாக்குறேன். கால் தேறலைன்னா வேற ஆளைத்தான் விடணும்."

கருத்தக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. வேறு வேலை தெரியாதவனில்லை. இலை வாசம் இல்லாமல் அவனால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய் தடவினான், குப்பைமேனி அரைத்துப் பூசினான். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ சொன்னார்களென்று தினமும் காலையில் வாய்க்கால் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டான். கெண்டைக்குஞ்சுகள் மொய்த்துச் செதிலைக் கொத்தின. முதல் நாள் கூச்சம் தாங்காமல் தனியாக உட்கார்ந்து சிரித்தான். பத்தே நாளில் கால் பாதி தெளிந்துவிட்டது.

பதினோராம் நாள் ஒரு மீனும் அண்டவில்லை. நாலு நாள் காலை ஊறப்போட்டதுதான் மிச்சம். மீனுக்கே என் கால் பிடிக்காமல் போச்சா என்று வெந்துபோனான்.

ஐந்தாம் நாள் கொஞ்சம் முன்னதாகவே போனான். படியில் பெண்டாட்டி செல்லக்கிளி, மடியிலிருந்து பொரியை அள்ளி அள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். புருசன் தோல் முழுசாகத் தேற மீனுக்குப் பொரி போடுவதாக நாலு நாளுக்கு முன்புதான் நேர்ந்திருக்கிறாள். வெளியே சொன்னால் பலிக்காதென்று வாயே திறக்கவில்லை.

"அடிப்பாவி! அதுகளுக்கு விருந்து வச்சுப்புட்டா என் காலை எது சீண்டும்?"

"சாமிக்கு நேந்ததை நிறுத்தச் சொல்றீகளா?"

"யாரு நிறுத்தச் சொன்னா? நான் காலை எடுத்த பெறகு போடுடி."

அன்றிலிருந்து முதலில் கால், பிறகு பொரி. மீன்கள் திரும்பி வந்தன.

ஐப்பசி முதல் வெள்ளியன்று மொக்கைச்சாமி குனிந்து பார்த்தார். தடம் இருந்தது, செதில் இல்லை. "உள்ள போப்பா" என்றார். கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகும் ஒவ்வொரு பனிக்கும் படை தலைகாட்டத்தான் செய்தது. அவனும் வாய்க்காலுக்குப் போவான், மீன்களும் வரும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாள் பிறகு வரவில்லை. அன்று உள்ளே போனதும் அகத்தி நிழலில், பாத்திகளுக்கு நடுவே ஓடிய தண்ணீரில் இறங்கி நின்றான். ரெண்டு குஞ்சுகள் காலை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்று திரும்பின.

"பட்டினியாப் போகாதீக" என்று, செல்லக்கிளி மடியில் கட்டிவிட்டிருந்த பொரியைத் தூவிவிட்டு, முதல் இலையைக் கிள்ளினான்.