நடுவரின் தண்ணீர் தம்ளர்

போன பொங்கலன்று பட்டிமன்றம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது என் மகள் எழுந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காரணம் நான்தான்.

அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு நாலைந்து முறை வருவாள், வந்தால் இரண்டு நாள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்தாற்போல் ஒரே திசையைப் பார்த்து உட்காருவது பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகள் ஓடும்போது மட்டும்தான். அதையும் நான் வாயால் கெடுத்தேன்.

அப்படியொன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. ஒரு நடிகர், இன்று காலையில் பொங்கல் வைத்துவிட்டு அப்படியே உங்களைப் பார்க்க ஓடி வந்தேன் என்றார். இது கார்த்திகையிலேயே எடுத்தது என்றேன். அடுத்து ஒரு நடிகை பொங்கல் வைத்தார். பானை பொங்குகிறது, அடுப்பில் நெருப்பைக் காணோமே என்றேன். "எல்லாம் தெரிஞ்சுதான்ப்பா பாக்குறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் எழுந்து போனாள்.

என் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. நான் பீங்கான் யூனிட்டில் தரம் பிரிக்கிறவன். சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல கோப்பை. மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. கழித்ததை வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதனால் பீங்கான் ஊரில் குடியிருந்தும் எங்கள் வீட்டில் நல்ல கோப்பை என்று ஒன்று கிடையாது. காலையில் நான் கழித்ததில்தான் சாயங்காலம் நான் காபி குடிக்கிறேன். போதாக்குறைக்கு, சொந்தப் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போடுகிற பழக்கமும் உண்டு. இவை இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால், அவன் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்கள் பாவம்தான்.

இந்தத் தீபாவளிக்கு மகள் முதல் நாளே வந்துவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். முறுக்கு வெந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காம இருங்க. இல்லன்னா அடுத்த பொங்கலுக்கு அவ வர்றதே சந்தேகம்."

"வரமாட்டேன்னு சொன்னாளா?"

"சொல்லல. ஃபிரண்டு வூட்டுக்குக் கூப்புடுறாங்கன்னு சொன்னா. ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, புதுச்சட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் கூடத்தில் உட்கார்ந்தேன். மனைவி என் மடியில் முறுக்குத் தட்டை வைத்தாள். "பேச்சு வந்தா இதக் கடிங்க."

ஒரு கதாநாயகர் தான் மிக எளிமையானவர் என்று தன் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று சொன்னார். கடித்தேன். உலகத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு படம் போடப் போவதாகச் சொன்னார்கள். செவ்வாய், வியாழன் கிரகங்களுக்கும் சொல்லி அனுப்பியாயிற்றா என்று கேட்க வாய் வந்தது. கடித்தேன். நாலாவது முறுக்கில் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ப்பா, வாய் பேசல. மூஞ்சி பேசுது."

மனைவி என் நாற்காலியைத் தூக்கி அவர்கள் இருவருக்கும் பின்னால் போட்டாள். பேச்சுக்கு மட்டுமின்றி முகத்துக்கும் தடை வந்துவிட்டது. நான் அங்கே போய் உட்கார்ந்து, இன்று எப்படியும் ரசித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தூங்கியே ஆகவேண்டும் என்று படுத்தால் தூக்கம் வருமா? அதே கதைதான். கைதட்டலைக் கேட்டால் யாரோ கையைக் காட்டித் தட்டச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. அலங்காரத்துக்குக் கட்டிய வாழைமரத்தைப் பார்த்தால் பிளாஸ்டிக் என்று தோன்றியது. பிளாஸ்டிக்காக இருந்தால் உனக்கென்ன என்றும் தோன்றியது. அந்த மூன்றாவது எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒன்று கவனித்தேன். நகைச்சுவை முடிவதற்கு முன்பே மனைவியின் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி. எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரிவதால் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை.

பட்டிமன்றம் வந்தது. பண்டிகையில் பெரிதும் மகிழ்வது ஆண்களா, பெண்களா. ஒரு பெண் பேச்சாளர் எழுந்து தன் கணவரைப் பற்றிச் சொன்னார். கோயிலுக்குக் கூட்டிப் போனால் அவர் சாமியைப் பார்க்க மாட்டாராம். வரிசைக்குக் கட்டிய கயிற்றின் முடிச்சைப் பார்ப்பாராம். கும்பிட வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா என்று கேட்டால், "நீ கும்புடு, நான் பாத்துக்குறேன்" என்பாராம்.

நான் சிரித்துவிட்டேன். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் என் மனைவியிடம் நான் சொன்ன அதே வாக்கியம். அடக்க முடியாமல், முறுக்குத் தூள் புரையேறச் சிரித்தேன். இரண்டு தலைகளும் திரும்பின.

"என்னப்பா, கிண்டலா?"

"இல்லம்மா, நெசமாத்தான் சிரிச்சேன்."

"பொய்."

"வுடுடி, மனுசன் ஒரு தடவ சிரிக்கிறாரு" என்றாள் மனைவி.

மகள் விடவில்லை. "சரி, எது புடிச்சுது சொல்லுங்க."

வாயைத் திறக்க அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். "அந்தம்மா சொன்ன விதந்தான். அதக் கேட்டு நடுவர் சிரிச்சாரு பாரு, அப்ப அவரு முன்னால தம்ளர்ல தண்ணி நெறைய இருந்துது. அதுக்கு முன்ன பாதிதான் இருந்துது. அந்தச் சிரிப்பு வேற எப்பவோ சிரிச்சது."

மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மகள் போனை எடுத்தாள், இயர்போனை எடுத்தாள், எழுந்தாள். பொங்கலும் போயிற்று என்று நினைத்தேன்.

அவள் உள்ளறைக் கதவருகே போகும்போது திரையில் நடுவர் வந்தார். கண்ணாடி தம்ளரில் தண்ணீர் பாதி. மகள் நின்றாள். பேச்சாளரைக் காட்டிவிட்டு மறுபடி நடுவரைக் காட்டினார்கள். விளிம்புவரை தண்ணீர்.

"ம்மா, அங்க பாரேன்."

"என்னடி?"

"தம்ளரு. இரு, அடுத்தது பாதி வரும்."

அடுத்தது காலியாக வந்தது. மகள் திரும்பி வந்து தரையில், டிவிக்கு இரண்டடி முன்னால் உட்கார்ந்தாள். கையிலிருந்த இயர்போனை நாற்காலியில் போட்டுவிட்டாள்.

"இப்ப நெறைய வரும் பாரு" என்றாள் அவள் அம்மா.

"பாதிதான் வரும்."

நிறையத்தான் வந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஏதோ நான் ஊற்றி வைத்ததைப் போல. அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. கூட்டத்தில் மஞ்சள் புடவைக்காரர் ஒருவர் அதே சிரிப்பை மூன்றாவது தடவை சிரிப்பதை மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒரு பேச்சாளரின் சால்வை தோள் மாறியதை மகள் கண்டுபிடித்தாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஆண்கள் தரப்பில் கடைசியாகப் பேசியவர், தன் அப்பா எல்லாருக்கும் துணி எடுத்துவிட்டுத் தான் மட்டும் பழைய சட்டையில் நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் முறை கேட்ட கதைதான். ஆனாலும் முழுதாகக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சிரிப்புச் சத்தத்தில் பாதி விழவில்லை. நடுவர் தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன், தீர்ப்பு சொல்றாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வந்துட்டாருடி, பட்டிமன்றம் பாக்க" என்றாள் மனைவி.

நான் நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் மகிழ்விப்பதுதான் பண்டிகை என்ற இடத்துக்கு நடுவர் மெல்ல வந்துகொண்டிருந்தார். வேறெங்கும் போக மாட்டார் என்று காலையிலேயே தெரியும். இருந்தும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

"ம்மா, பொங்கலுக்கும் இதே நடுவர்தான வருவாரு?" என்று கேட்டாள் மகள்.

"அவருதான். நீ போகி அன்னிக்கே வந்துடு."

தீர்ப்பின் கடைசி வரி எனக்குக் காதில் விழவில்லை.