வியாழக்கிழமையின் முட்டை ரொட்டி

தெருவில் அந்தத் தையல்காரருக்கு ‘வியாழக்கிழமை’ என்று பெயர். எந்தக் கிழமை துணி கொடுத்தாலும் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். போனால், “தச்சாச்சு, பட்டன் மட்டும்தான் பாக்கி” என்பார். துணி வெட்டாமல் பையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பின்னறையில் சமைத்துக்கொண்டே இதைக் கேட்டு, அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவளுக்கு மருந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஏழு மணிக்கு வாசலுக்கே வேன் வரும். போக ஆசைதான், வீட்டை இவரை நம்பி விட்டுப்போகத்தான் பயம். “முதல் நாள் காலைச் சாப்பாட்டை வேன் வர்றதுக்குள்ள என் கையில குடுங்க. இல்லைன்னா அந்த வேன்காரர்கிட்டயே வேலைக்கு வரலைன்னு சொல்லிடறேன்” என்றாள் கறாராக. ரொட்டிக்கு நடுவே முட்டை, அவ்வளவுதான் கேட்டாள். புதுச் சீருடையை அவள் மூன்று தடவை கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்ததை அவர் கவனித்திருந்தார். சரி என்றுவிட்டார்.

ஆறரைக்கு அடுப்படிக்குள் நுழைந்தவர், கைப்பழக்கத்தில் கழுத்து டேப்பை எடுத்து ரொட்டியை அளந்தார். நாலே கால் இஞ்ச். முட்டையை உடைத்தபோது கிண்ணத்துக்குள் ஓடு விழுந்தது. அதை ஊசி முனையால் துரத்திப் பிடிப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. ஆயிற்றா என்று அவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“பட்டன் மட்டும்தான் பாக்கி.”

“எங்கிட்டயேவா?”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவசரமாகக் கல்லில் ஊற்றினார். முட்டை அளவுக்கெல்லாம் கட்டுப்படாமல் ஏழு இஞ்சுக்கு ஓடியது. ரொட்டியை வாட்டுவதில் மட்டும் அவர் தடுமாறவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு பழகிய மூக்கு. எதுவும் கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் வாசனை அதற்குத் தெரியும். இரண்டு துண்டும் பொன்னிறத்தில் இறங்கின.

நடுவில் வைத்த முட்டை நாலு பக்கமும் தொங்கியது. கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டு வந்து ஓரம் வெட்டினார். வெட்டிய துண்டை வாயில் போட்ட பிறகுதான் உப்பு ஞாபகம் வந்தது. பிரித்து, உப்பும் மிளகும் தூவி மூடும்போது வெளியே ஹாரன் அடித்தது. காகிதத்தில் சுற்றினால் அது பிரிந்து பிரிந்து வந்தது. வேறு வழியில்லை, நாலு தையல் போட்டார்.

அவள் வேன் படியில் கை வைத்து, வேன்காரரிடம் சொல்ல வாயெடுத்த நேரத்தில், செருப்பில்லாமல் ஓடி வந்து பொட்டலத்தை நீட்டினார். அதில் நூல் தொங்கியது, நூலில் ஊசி தொங்கியது. அவள் நூலைப் பல்லால் கடித்து, ஊசியை அவர் சட்டையிலேயே குத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து ஒரு வாய் கடித்தாள். அவர் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டாவது வாய் கடித்தாள்.

வேன்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவரும் மூன்று மாதம் முன்னால் துணி கொடுத்தவர்தான்.

“அண்ணே, என் பேண்ட்டு? வியாழக்கிழமைன்னீங்க. இன்னிக்கு வியாழக்கிழமைதான்.”

தையல்காரர் வாயைத் திறந்தார். மனைவி முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“அது தச்சாச்சு தம்பி” என்றாள் அவள், வாய் நிறைய ரொட்டியோடு. “பட்டன் மட்டும்தான் பாக்கி. நீங்க வண்டிய எடுங்க.”