ஜப்பான் நடவுக்காரி

நகரிக்குக் கிழக்கே அந்த ஊரில் ஜப்பான் முறையில் நெல் நட்டவர்கள் முதல் வருஷம் பதினொரு பேர். ஜீப்பில் வந்த அதிகாரி ஆளுக்கொரு கயிறு கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் வருஷம் நான்கு பேர். மூன்றாம் வருஷம் பத்துக் கயிறு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. வயலில் மிஞ்சியது தாட்சாயணியின் கயிறு மட்டுந்தான்.

முப்பத்தெட்டு வயது அவளுக்கு. புருஷன் செங்கல்வராயன் பாம்பு கடித்துச் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. இருந்தது ஒரே ஏக்கர், ஆனால் ஏரியின் முதல் மதகடி. ஊருக்கே தண்ணீர் இல்லாத வருஷத்திலும் அதற்கு ஈரம் உண்டு. கொழுந்தன் கோவர்த்தனன் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தான் என்று சொல்வது அவனுக்கு அநியாயம். இரண்டு கண்ணையும் வைத்திருந்தான்.

அவனுக்குத் தோதாக அவள் வயலும் காலை வாரியது. கயிறு பிடித்து, சாண் இடைவெளி விட்டு, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று நட்டால் போதும், ஒவ்வொன்றும் பக்கத்தில் புதுத் தண்டு விட்டுத் தூர் வெடித்து வயலை அடைக்கும் என்றுதான் அதிகாரி சொல்லியிருந்தார். அவள் வயலில் மூன்று நாற்று கடைசிவரை மூன்றாகவே நின்றது. வழுக்கைத் தலையைச் சீவிவிட்ட மாதிரி வரிசை மட்டும் அழகாக இருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் ‘ஜப்பான் நடவுக்காரி’ என்று சிரித்தான். கோவர்த்தனன் சிரிக்கவில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான். வருகிற தையிலும் வயல் நிறையவில்லை என்றால் நிலத்தை அவன் பயிர் வைப்பது, அண்ணிக்கு வருஷச் சாப்பாட்டுக்கு நெல் அளப்பது என்று பேசி முடித்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. எந்த ஊர் ஆந்திராவில் இருக்கும், எந்த ஊர் மெட்ராசுக்குப் போகும் என்று தெருவுக்குத் தெரு கூட்டம் நடந்த காலம். அந்த அமளியில்தான், முன்பு கயிறு கொடுத்த விவசாய அதிகாரி வேதாச்சலம் மறுபடி வந்தார். ஜப்பானுக்கு ஐந்து விவசாயிகளை அழைத்துப்போகிறார்களாம், துணைக்கு அவரும் போகிறாராம்; ஜப்பான் நடவை இன்னும் விடாமல் செய்கிறவர்கள்தான் போகலாமாம். இந்தத் தாலுகாவுக்கு ஜாபிதாவில் ஒரே பெயர். அது பொம்பளையின் பெயராக இருந்தது அவருக்குப் பெரிய சங்கடம்.

“ஏம்மா, உங்க ஊரு நாளைக்கே மெட்ராசுக்குப் போயிட்டா, உன்மேல செலவு பண்ணது ஆந்திராவுக்குத் தண்டந்தானே?” என்றார்.

“ஊரு எங்க போனாலும் என் வயலு இங்கதான் சார் கெடக்கும்” என்றாள் தாட்சாயணி. “பேரு எழுதிக்கோங்க.”

கொழுந்தன் குறுக்கே வந்தான். “கடலைத் தாண்டிப் போயி நாலு ஆம்பளைங்களோட சுத்திகினு வருவியா அண்ணி? ஊரு இன்னா பேசும்?”

“இப்ப மட்டும் பேசாமயா இருக்குது?”

ஆவக்காய் ஜாடியும் நான்கு புடவையுமாகக் கப்பல் ஏறினாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். ஆனால் திரும்பிவிடலாம் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஏன் தூர் வெடிக்கவில்லை?

ஜப்பானில் அதை யாரும் சொல்லவில்லை. மண்டபம் மண்டபமாக உட்காரவைத்து மாலை போட்டார்கள். கையால் தள்ளும் உழவு மிஷினைக் காட்டினார்கள். கோயிலைக் காட்டினார்கள், நூல் ஆலையைக் காட்டினார்கள். பச்சை மீனைத் தட்டில் வைத்தபோது, கூட வந்த விவசாயி பங்காருபாளையம் வெங்கடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அவருக்கும் சேர்த்து ஆவக்காய் எடுத்துப் போட்டாள். ரயிலில் போகும்போது இரண்டு பக்கமும் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெண்களைப் போலவே பின்னால் அடி வைத்து நட்டார்கள். அவளுக்கு ரயிலிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

பதினெட்டு நாளில் பதிமூன்று நாள் இப்படியே போயிற்று. பதினான்காம் நாள் ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கும் வரப்போரம் நாற்காலி, கையில் தேநீர். கண்ணெதிரே நடவு. தாட்சாயணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

“எங்கம்மா எழுந்திருக்கிற?” என்றார் வேதாச்சலம். “நாம வந்தது பாக்கறதுக்கு. சேத்துல எறங்கினா நம்ம நாட்டு மானம் இன்னா ஆறது?”

“சேத்துல எறங்காத மானத்த வச்சிகினு நான் எங்க சார் நடறது?”

இறங்கிவிட்டாள். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈசானி மூலைக்குப் போய் முதல் குத்தை நட்டாள். அப்புறம் வரிசையில் சேர்ந்தாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஜப்பான்காரிக்கும் அவள் வயதுதான் இருக்கும். வணங்கினாள், சிரித்தாள். பிறகு கையை நீட்டி, தாட்சாயணி நட்டதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

நட்ட நாற்றை இன்னொருத்தி பிடுங்கினால் தாட்சாயணியின் ஊரில் கொலையே விழும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் மறுபடி நட்டாள். ஜப்பான்காரி மறுபடி பிடுங்கினாள். மூன்றாம் தடவை தாட்சாயணி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

ஜப்பான்காரி கையை உதறவில்லை. பிடுங்கிய நாற்றைத் தூக்கி, சேற்றுக்குள் இருந்த பாகத்தைக் காட்டினாள். கட்டைவிரல் முழுக்க ஆழம். தான் நட்டதைக் காட்டினாள். ஒரு விரற்கடைகூட இல்லை. பிறகு தாட்சாயணியை முன்பே நட்டிருந்த வயலுக்கு இழுத்துப்போய் ஒரு குத்தைப் பிரித்தாள். சேற்றின் மேல்மட்டத்திலேயே, பக்கத்துக்குப் பக்கம், தூர் வெடித்துக்கொண்டிருந்தது.

மதகு திறந்தால் அடித்துக்கொண்டு போகும், ஆடிக்காற்றில் பறக்கும் என்று தாட்சாயணியின் ஊரில் நாற்றைக் கட்டைவிரலால் குத்தி இறக்குவார்கள். குத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்று வைக்கிறவர்களுக்கு, ஆழத்தில் தூர் வெடிக்காது என்பது தெரியாது. தூர் வெடிக்காவிட்டாலும் வயல் நிறைந்துவிடும். மூன்று நாற்று வைத்தவள்தான் மாட்டிக்கொண்டாள்.

‘கழுத்துவரைக்கும் பொதைச்சிட்டுப் பெத்துக்கோன்னா, அது எங்கேருந்து பெத்துக்கும்?’ என்று நினைத்தாள். அழுகை வந்தது. மூன்று வருஷம் பட்ட கேலி எல்லாம் ஒரு விரல் ஆழத்தில் இருந்திருக்கிறது. அழுகையோடேயே வேதாச்சலத்திடம் போனாள்.

“கயிறு குடுத்தீங்க. சாண் கணக்கு சொன்னீங்க. ஆழம் சொன்னீங்களா சார்?”

அவர் பையிலிருந்து புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினார். “மேலாக நடணும்னு இதுல இருக்குதேம்மா.”

“இருக்கும். புஸ்தகம் சேத்துல எறங்காது. நீங்களும் எறங்கல.”

மிச்ச நாலு நாளும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

ஆவணியில் சொந்த வயலில் நடவு. நடவுக்காரிகளைக் கன்னியம்மாள் கூட்டி வந்தாள். எத்தனை சொன்னாலும் அவர்கள் கட்டைவிரல் பழக்கத்தில் உள்ளேயே இறங்கியது. தாட்சாயணி பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலாக நட்டாள்.

“நான் நட்டதப் பிடுங்கறியா நீ?” என்று கன்னியம்மாள் கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டுக் கரையேறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

வரப்பில் நின்ற கோவர்த்தனன், “நட்ட நாத்தப் பிடுங்கறவ வூடு வெளங்குமா?” என்றான்.

“என் வூடு வெளங்கறத நான் பாத்துக்கறேன். நீ வரப்ப வுட்டு எறங்கு.”

கயிற்றின் இரண்டு முனையையும் முளையில் கட்டி, ஒரு ஏக்கரையும் ஒண்டியாகப் பதினொரு நாளில் நட்டாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மதகுப் பக்கம் நட்டதில் கால்வாசி மிதந்து போயிற்று. ஊர் கைதட்டிச் சிரித்தது. வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையைப் பாதிக்கு மேல் அடைத்து, தண்ணீரைச் சன்னமாக விட்டு, போனதைத் திரும்ப நட்டாள்.

நாற்பதாம் நாள் வரிசைக்கு நடுவே தண்ணீர் தெரியவில்லை. கோபத்தை மறந்து வந்த கன்னியம்மாள் ஒரு குத்தைப் பிரித்து எண்ணினாள். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

“இன்னாத்தடி போட்ட?”

“ஒண்ணும் போடலக்கா. பொதைக்காம வுட்டேன்.”

தையில் அறுப்பன்று பெரியவர்கள் வந்து வரப்பில் நின்றார்கள். கோவர்த்தனன் நான்கு அடி தள்ளி நின்றான். பெரியவர் வீராசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வயலு நெறஞ்சிடுச்சும்மா. சொன்ன சொல்லு சொல்லுதான். நெலம் உன்கிட்டயே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம்.”

தாட்சாயணி அரிவாளோடு நிமிர்ந்தாள்.

“நெறையலன்னாலும் என்கிட்டதான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த குத்தை அறுக்கக் குனிந்தாள்.