பைக் ஓட்டத் தெரியாதவனின் பைக் விபத்து

என் தம்பிக்குப் பைக் ஓட்டத் தெரியாது. கம்பெனி வேனில்தான் வேலைக்குப் போய்வருவான். இது எனக்கும் தெரியும், அவனை வேலை வாங்கும் போர்மேனுக்கும் தெரியும்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவனுக்கு வேலை. மருந்து கலக்கும் அறை வெடித்தபோது தம்பி வெளியேதான் நின்றான். அதிர்ச்சி அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. போர்மேன் மயங்கிக் கிடந்தவனைக் காரில் போட்டு, விருதுநகரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தான். தம்பி உடம்பில் தீக்காயம் இல்லை. பொய் சொல்ல வசதியாகப் போயிற்று.

"சிஸ்டர், பைக்ல விழுந்துட்டான்னு சொல்லிருங்க. ஆலைக்குச் சீல் வச்சிட்டாகன்னா சீசன் நேரத்துல அம்புட்டுப் பேர் பொழப்பும் போயிரும்" என்றான் போர்மேன்.

நானும் அப்படியே சொன்னேன். நர்ஸ் சொல்கிறாளே என்று டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

தலையில் போட்ட கட்டைப் பிரித்ததும் போர்மேன் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டான். லேசான வேலையாம். சாம்பிள் சரங்களைக் கொளுத்திப் பார்ப்பது! தினமும் வெடிச்சத்தத்தின் பக்கத்தில் நின்றான். பைக்கில் விழுந்தவனை வெடிக்குப் பக்கத்தில் போகாதே என்று எந்த டாக்டர் சொல்வார்? இரண்டே மாதத்தில் குக்கர் விசிலுக்குத் தட்டை வீசி எறிந்தான். எங்கள் ஊர் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் வேனைவிட்டு இறங்கி, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றான்.

நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை.

"மூளைக்குன்னு தனியா காவல் செல்கள் இருக்கு. சும்மா இருக்கும்போது மெல்லிசா கை நீட்டி அக்கம்பக்கம் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கும். அடிபட்டா அந்த இடத்துக்கு ஊர்ந்து போய், செத்ததைத் தின்னு சுத்தம் பண்ணும். அப்புறம் அடங்கணும். ஆறுறதுக்குள்ள திரும்பத் திரும்ப அதிர்ச்சி பட்டா அடங்காது. நல்லா இருக்கிற இணைப்பையும் அரிச்சிரும். இது ஸ்கேன்ல தெரியாது" என்றவர், "வெடி எதுவும் பக்கத்துல வெடிச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து வெளியே வந்து போர்மேனுக்குப் போன் போட்டேன். "கையெழுத்து ஒண்ணு வேணும், வாங்கண்ணே" என்று தேனாகப் பேசினேன். ஆப்பிள் பையோடு வந்தான். டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்து, "இவனுக்கு எங்கன அடிபட்டுச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"அண்ணே, இன்னைக்குச் சாம்பிள் யாரு கொளுத்துறா?" என்று தம்பி கேட்டான்.

போர்மேனுக்கு முகம் வெளிறிவிட்டது. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு இனித்தது. போலீசிலும் உன்னை இதையே சொல்லவைக்கிறேன் என்று மனதுக்குள் கறுவினேன்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "பைக் விபத்துன்னு முதல்ல சொன்னது யாரு?"

போர்மேன் என்னைப் பார்த்தான். இப்போது அவனுடைய முறை.

"நான்தான்" என்றேன்.

"நீயாக்கா?" என்றான் தம்பி.

காலையில் சாப்பிட்டது அவனுக்கு மாலையில் நினைவிருப்பதில்லை. இதை மட்டும் மறக்கவில்லை. மாத்திரையை நான் நீட்டினால் வாங்க மாட்டான். அம்மா கொடுத்தால்தான் வாங்கிக்கொள்கிறான்.