மொட்டைக்கு ஒரு குல்லா

எனக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுத்த டீச்சரம்மா தன் வாழ்நாளில் ஒரு கீரைக்கட்டுகூட விற்றவரில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில், திருத்தணியில் கோயில் மலைக்குச் சற்றுத் தள்ளியிருந்த சர்ச்சின் பின்கூடத்தில், பிள்ளைகளோடு திண்டாடும் பெண்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்தினார். தையல் மிஷின் இலவசம். நூல் இலவசம். புத்திமதியும் இலவசம், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் நாலாவது வரை படித்தவள். ரயில் பார்க்கப் போய் ஏறி உட்கார்ந்து, அரக்கோணத்தில் இறங்கியதோடு படிப்பு முடிந்தது. பிறகு புளி தட்டினேன், செங்கல் சுமந்தேன், சித்தாள் வேலை பார்த்தேன். எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. பள்ளிப்பட்டில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கல்யாணமானது. அவருக்கும் அதே அலைகிற கால். லாரியில் கிளீனராக வடக்கே போனவர் திரும்பவில்லை. எங்கள் இருவரில் அவர் முந்திக்கொண்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் சித்தாள் வேலைக்குத் திருத்தணி வந்தபோது அவளைக் கணவரின் அண்ணன், என் மூத்தார் வீட்டில் விட்டிருந்தேன். அங்கே சோறு இருந்தது. தறிக்கு நூல் தார் சுற்ற ஒரு ராட்டையும் இருந்தது. ஐந்து வயது விரல் நூலை அறுக்காமல் பிடிக்கும் என்று நான் விட்டுப்போன மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். திரும்பப் போய் அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டபோது மூத்தார் தறியை விட்டு எழாமலே சொன்னார்:

"இன்னிக்கு இங்க, நாளிக்கு ரேணிகுண்டா. உன்னோட அந்தக் கொழந்தயும் சுத்தணுமா? ஒரு எடத்துல ஒக்காந்து ஒரு தொழில் பண்ணிக் காட்டு. அப்புறம் இட்டுகினு போ."

"பண்ணிக் காட்டுறேன் பாவா" என்றேன். மகள் ராட்டையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திட்டு விழும் என்று அதற்குள் படித்திருந்தாள். அதற்குப் பிறகுதான் டீச்சரம்மாவிடம் போனேன்.

முதல் வகுப்பிலேயே அவர் எல்லாரையும் கேட்டார்: "இந்த ஊர்ல எது அதிகமா இருக்கு? அதைப் பாத்துத்தான் தொழில் செய்யணும்."

ஒருத்தி குரங்கு என்றாள். இன்னொருத்தி படிக்கட்டு என்றாள். நான் மொட்டைத் தலை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து, எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானி விட்டுப்போன காகித அளவை எடுத்துக் கொடுத்தார். குழந்தைக் குல்லா. கழுத்தில் கட்ட நாடா வைத்தது. துணிக்கு நான் அம்மையார்குப்பம் போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தறியில் மிஞ்சிய முழத்துண்டுகளை, அலைகிறவள் என்ற இரக்கத்தில் கொடுத்தார்கள். என் கால் முதன்முறையாக எனக்கு உதவியது.

டீச்சரம்மாவிடம் மூன்று விதிகள் இருந்தன. "முதல்ல சுத்தம். ரெண்டாவது சிரிச்ச முகம். மூணாவது, கூட்டம் எங்க இருக்கோ அங்க போய் உக்காரணும்."

ஒரு கிருத்திகை நாளில் தலையை எண்ணெய் வைத்து வாரி, ஒரு கூடை குல்லாவோடு மலையேறி, மொட்டை அடிக்கிற கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்து சிரித்தேன். வாய் வலிக்கும்வரை சிரித்தேன். குழந்தைகள் கதறிக்கொண்டு உள்ளே போய், வழுவழுவென்று வெளியே வந்தன. உடனே தலை நிறையச் சந்தனத்தை அப்பினார்கள். குல்லாவை நீட்டிய கையைத் தட்டிவிடாத குறைதான்.

"இன்னாம்மா இது? வேண்டிகினு வந்து சந்தனம் பூசியிருக்கோம், அத்த மூடச் சொல்றியே. சாமி கண்ணுக்கு அப்புறம் இன்னா தெரியும்?" என்றாள் ஒரு தாய்.

ஒருவர் மட்டும் வாங்கி மகனுக்குப் போட்டுப் பார்த்தார். அது கண்ணைத் தாண்டி மூக்கில் போய் நின்றது. "யம்மா, இது தலைக்கா, தேங்காய் மூட்டைக்கா?" என்று திருப்பிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுச் சிறுமியின் தலையில் அளவு பார்த்துத் தைத்திருந்தேன். அவளுக்கு முடி அடர்த்தி. மொட்டைக்குத் தைக்கும் குல்லாவை மொட்டையில்தான் அளக்க வேண்டும் என்று திருத்தணி வந்த நாளிலிருந்து மொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை, முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்றார் டீச்சரம்மா.

அளவு பார்க்க எனக்கு ஒரு மொட்டைத் தலை வேண்டும். ஊரார் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்க முடியாது. பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டு போனேன். மகள் பிறந்தபோது முருகனுக்கு முடி வேண்டிக்கொண்டேன், அது நிற்கிறது, அதனால்தான் எனக்கு எதுவும் விளங்கவில்லை என்றேன். அப்படி எந்த வேண்டுதலும் கிடையாது. ஆனால் தாய் கேட்டுக் கிடைக்காத பிள்ளை சாமி கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூத்தார் தறியை நிறுத்தவில்லை. அவர் மனைவி, என் ஓரகத்திதான் சொன்னாள்: "மொட்ட அடிச்ச அன்னிக்கு சாயங்காலமே கொண்ணாந்து வுட்டுடணும். தார் சுத்த ஆளு இல்ல."

"ஆங், வுட்டுடறேன் அக்கா."

அடுத்த கிருத்திகையன்று கொட்டகையில் கத்தி மகளின் தலையை விட்டு எடுத்ததும், சந்தனம் விழுவதற்குள் இஞ்ச் டேப்பைச் சுற்றினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். "அளவெடுத்துத் தைக்க அது இன்னா ஜாக்கெட்டா?" என்றார் முடி எடுத்தவர். மகள் அழவில்லை. முடி போனதைவிட, காலையிலிருந்து யாரும் ராட்டை சுற்றச் சொல்லாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் புளியோதரை தின்று முடிப்பதற்குள் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து, கூடையிலிருந்த குல்லாக்களில் பாதியைக் கையூசியால் பிடித்துச் சின்னதாக்கினேன். அன்றும் மலையில் ஒன்றும் விற்கவில்லை. அளவு சரியாகிவிட்டது. சந்தனம் சந்தனமாகவே இருந்தது.

சாயங்காலம் கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பள்ளிப்பட்டு பஸ் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பள்ளிப்பட்டுக்கே போயிருப்பேன். மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மெட்ராஸில் எனக்கு யாரும் இல்லை. பஸ் கிளம்பியது, நான் ஏறினேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்பட்டன.

பஸ் முழுக்க மொட்டைகள். மேற்கு வெயில் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக அடித்தது. புழுதிக் காற்று வேறு. சந்தனம் காய்ந்து வெடித்து, கண்ணிலும் கழுத்திலும் உதிர்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு எல்லாம் அழுதன. கனகம்மாசத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது தாய்மார்கள் முந்தானையால் பிள்ளைகளின் தலையை மூடிக்கொண்டு தவித்தார்கள். நான் மகளின் தலையைத் துடைத்து ஒரு குல்லாவை மாட்டினேன்.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "இது எங்கம்மா வாங்கின?"

"நானே தைச்சதுங்க."

"இன்னொன்னு இருக்கா?"

கூடை கீழே இறங்குவதற்குள் ஏழெட்டுக் கைகள் நீண்டன. மலையில் சாமிக்கு முன்னால் மூடக் கூடாத சந்தனத்தைக் கனகம்மாசத்திரத்தில் மூடலாம் என்று அத்தனை பேரும் ஒன்றாக முடிவெடுத்தார்கள். ஒரு தகப்பனார், சின்னதாக்காமல் விட்ட பெரிய குல்லா ஒன்றைத் தன் தலைக்கே வாங்கிக்கொண்டார். மூக்குவரை வரும் அளவில் தைத்ததற்கும் ஒரு மூக்கு கிடைத்தது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. டீக்கடைக்காரரின் மனைவி தன் கடைக்குப் பின்னால் இறக்கியிருந்த ஒரு சாய்ப்பைக் காட்டினாள். தங்கிவிட்டோம்.

எட்டாம் நாள் மூத்தார் வந்து இறங்கினார். ஓரகத்தியும் கூட. விசாரித்து வந்துவிட்டார்கள்.

"பொண்ணத் திருடிகினு வந்துட்டியா? ஒரு எடத்துல ஒக்காருன்னா பஸ்ஸு நிக்கற எடத்துலயா ஒக்காருவாங்க?" என்றார் மூத்தார்.

"பஸ்ஸுதான் பாவா போவுது. நான் இங்கயேதான் இருக்கேன்."

"வேண்டுதல் முடிஞ்சிது இல்ல? கெளம்புடி" என்று ஓரகத்தி மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறு கையால் கூடையின் காதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கூடையைப் பார்த்ததும் என் வாயில் வந்தது: "மூணு மொட்டை வேண்டிகினேன் அக்கா. இப்பதான் ஒண்ணு முடிஞ்சிருக்குது. பாதியில வுட்டா சாமி குத்தம் ஆயிடும். எந்தூட்டு மேல எறங்குமோ."

'எந்தூட்டு' என்ற இடத்தில் ஓரகத்தியின் பிடி தளர்ந்தது. அவள் வீட்டில் நான்கு தறி இருந்தது, இரண்டு ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தார் தரையைப் பார்த்தார். "மூணாவது முடிஞ்ச அன்னிக்கு நானே வந்து இட்டுகினு போவேன்" என்றார்.

அடுத்த ஆடியில் இரண்டாவது மொட்டை அடித்தேன். அவர் சாட்சிக்கு வந்துவிட்டதால் வேறு வழியில்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். குல்லா போட்டுக்கொண்டு போனதால் அவளுக்கு அங்கே பேரே குல்லா. என்னோடு இருப்பதற்கு அவள் கொடுத்த விலை அது. டீச்சரம்மா ஒருமுறை டீக்கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், புதிதாக வந்த பெண்களிடம் என்னை உதாரணம் காட்டினார்: சுத்தமாக இருந்தாள், சிரித்தாள், கூட்டம் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் இன்னும் தைத்துக்கொண்டிருந்த மிஷின் அவருடையது.

மூன்றாவது மொட்டையை நான் அடிக்கவில்லை. ஒரு வருஷம் காய்ச்சல் என்றேன். ஒரு வருஷம் வீட்டுத் தீட்டு என்றேன். முடி தோளைத் தாண்டியது. ஒரு ஆடிக் கிருத்திகைக்கு மூத்தார் தனியாக வந்தார். அவருக்கு வயதாகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"மூணாவது எப்போ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள், இடுப்பைத் தொட்ட சடையை முன்னால் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாமி இன்னும் கேக்கல பெரிநைனா" என்றாள்.

அவர் அந்தச் சடையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். இந்தப் பொய்யை எத்தனை வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "கேக்கும்போது சொல்லியனுப்பு" என்றார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ரோட்டின் எதிர்ப் பக்கம் போய்த் திருத்தணி பஸ்ஸுக்கு நின்றார். மெட்ராஸ் பஸ் வந்துவிட்டதால் அவர் ஏறியதை நாங்கள் பார்க்கவில்லை. ஜன்னல்களில் மொட்டைகள் தெரிந்தன. மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.