கேக்குக்குப் போட்ட பெல்ட்

“கேக்குக்கு பெல்ட் போட்டாச்சு. புள்ளைக்கு?” என்று கேட்டாள் ஜீவராணி.

அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டன் மண்டபத்துக்குப் புறப்பட நின்ற கல்யாண வேன் அது. முன் சீட்டில் மூன்றடுக்கு வெள்ளைக் கேக், மகாராணி மாதிரி பெல்ட் பூட்டி உட்கார்ந்திருந்தது. நடு சீட்டு முழுக்கச் சீர்த் தட்டுகள். மாப்பிள்ளையின் அக்கா பூரணி எட்டு மாதக் குழந்தையோடு கதவோரத்து மடக்கு சீட்டில் ஒடுங்கியிருந்தாள். அதற்கு பெல்ட்டே கிடையாது.

“புள்ள தாய் மடியில இருக்கு. அதுக்கு மேல என்ன பெல்ட்டு?” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் செல்லசாமி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

“தட்டெல்லாம் எடுத்துட்டு பூரணிய அங்க ஒக்கார வைங்கண்ணே. அந்த சீட்டுக்கு பெல்ட் இருக்கு.”

“சீர்த் தட்ட கால்மாட்டுல வைக்கச் சொல்றியா? நல்ல காரியத்துக்குப் போறோம்.”

“கால்மாட்டுல வேணாம். ஆளுக்கொண்ணா மடியில வைங்க. தட்டு விழுந்தா வெத்தல பாக்குதான் கொட்டும்.”

“டேய் வீரய்யா, டிராபிக் பொலிஸம்மாவுக்கு ஒரு சலூட் அடிச்சுட்டு வண்டிய எடு!”

வேனே சிரித்தது. பின் சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை சுதர்ஷினியும் சிரித்தாள். ஜீவராணி படியில் ஒரு காலை வைத்து, கதவை மூட விடாமல் நின்றாள்.

“தட்டு எறங்குற வரைக்கும் இந்தக் காலு எறங்காது.”

நல்ல நேரம் தப்பிவிடும் என்று யாரோ பதறியதில்தான் தட்டுகள் மடிகளுக்கு மாறின.

பதினெட்டு வருடமாக ஜீவராணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகள் அவள் கையில்தான் வளர்ந்தன. மலைப்பாதையில் அவளுக்கும் குமட்டும். ஆனால் கையோடு கொண்டுவரும் பிளாஸ்டிக் ஷொப்பிங் பைக்குள் வாந்தியெடுத்து, முடிச்சுப் போட்டு, இறங்கும் வரை அதை மடியிலேயே வைத்திருப்பாள். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே எடுப்பார்கள். பின் ஜன்னல்காரர் முகத்தில் வாங்கிக்கொள்வார். ஓடும் வண்டியில் எழுந்து ஆடுவதும், முன்னால் போகும் பஸ்ஸை முந்தச் சொல்லி டிரைவரை உசுப்புவதும் அவளுக்கு அந்த வாந்தியைப் போலவே அசிங்கம்.

அன்று பூரணியை நடு சீட்டில் உட்கார வைத்து, சீட்டு இடுக்கில் கைவிட்டு பெல்ட்டைத் தேடினாள். டொபித் தாள், காய்ந்த வெற்றிலைச் சக்கை, என்னவென்று சொல்ல முடியாத ஒரு பிசுக்கு எல்லாம் விரலோடு வந்தன. பார்த்த சுதர்ஷினி மூக்கைச் சுளித்தாள். ஜீவராணி தன் புதுச்சேலைத் தலைப்பாலேயே கொக்கியைத் துடைத்துப் பூரணிக்குப் பூட்டினாள்.

“பெல்ட் ஒனக்கு மட்டுந்தான். புள்ளையையும் உள்ள வச்சுக் கட்டினா நசுங்கிப் போயிரும். புள்ளைக்குன்னே தனி சீட்டு இருக்கு, நம்மகிட்டதான் இல்ல. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடி.”

காலியான மடக்கு சீட்டில் யாரோ ஒரு பரிசுப் பெட்டியை வைத்தார்கள்.

லிந்துலைக்கு அப்பால் ஒரு வளைவு. கேக்குக்கும் டிரைவருக்கும் நடுவில் இடுங்கியிருந்த செல்லசாமி, வீடியோ ஓடும் தன் போனை வீரய்யாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். “மாப்பிள்ள ஆடுற ஆட்டத்தப் பாருடா!”

“டிரைவருக்கு ஏண்ணே காட்டுறீங்க?” என்று ஜீவராணி கத்தியபோதே எதிரில் பஸ். வீரய்யா பிரேக்கை மிதித்தான். மடக்கு சீட்டிலிருந்த பெட்டி பறந்து, முன் சீட்டின் முதுகில் மோதிப் பிளந்தது. குழந்தை பூரணியின் கைக்குள்ளேயே கிடந்து அலறியது. செல்லசாமியின் வாய் முன் கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையில் இடித்தது. வெற்றிலை எச்சில், உடைந்த பல்லின் இரத்தத்தோடு கேக்கின் மேல் விசிறியடித்தது.

எல்லோரும் முதலில் பார்த்தது கேக்கை. வழியோரம் நிறுத்தி, சிவப்புப் பட்ட இடத்தைக் கத்தியால் வழித்தெறிந்தார்கள். மண்டபத்தில் அதையே வெட்டிப் பரிமாறினார்கள். தின்றவர்கள் விரலையும் நக்கினார்கள்.

“நான் மட்டும் கேக்குக்கு பெல்ட் போடலேன்னா இன்னைக்கி மானம் போயிருக்கும்,” என்றார் செல்லசாமி வீங்கிய உதட்டோடு. “அவ கெளம்பும்போதே அபசகுனமா வாய வச்சுட்டா.”

பிளந்த பெட்டியைப் பற்றியோ, அந்த சீட்டில் முதலில் இருந்தவள் யார் என்றோ ஒருவரும் பேசவில்லை. சுதர்ஷினி தன் கேக் துண்டைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். காலையில் தான் சிரித்த சிரிப்பை அப்படிச் சுற்றி எறிய முடியவில்லை.

திரும்பும்போது ஜீவராணிக்கு வேனில் இடமில்லை என்றார்கள். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். சுதர்ஷினியும் கூடப் போனாள். பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு, ஷொப்பிங் பையை விரித்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு, ஜீவராணி கேட்டாள்:

“டீச்சர், காலையில நீங்களும் சிரிச்சீங்க. பரவாயில்ல. நான் சொன்னா வாய்க்கொழுப்புங்கிறாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. அடுத்த தடவ வேன்ல ஏறுறப்ப, எனக்கு முன்னால நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”