கல்லூரியை விசாரிக்கப் போன வீடு

போன வருடம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. நானும் கணவரும் கீரிப்பாறையிலிருந்து நாகர்கோவில் வந்து, பஸ் மாறி மணவாளக்குறிச்சிக்குப் போனோம். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எங்களுக்கென்று இருப்பது ஐந்து சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும்தான். அந்த வீட்டுப் பத்திரத்தை வைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை பேங்கில் பதினான்கு லட்சம் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தோம். மகளுக்கு பெங்களூரில் எம்.பி.ஏ. சீட் கிடைத்திருந்தது.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மகளுக்கோ ஒரு பயமும் இல்லை. சீட் வாங்கித் தந்த ஏஜெண்ட் ஒரு பளபளப்பான புத்தகம் கொடுத்திருந்தார். கோட்டு போட்ட பிள்ளைகளின் படம், கீழே பெயர், ஊர், வருடச் சம்பளம். எல்லாம் எட்டு லட்சம், ஒன்பது லட்சம். "மூணு வருசத்துல கடன அடச்சிருவேன்மா" என்றாள். அந்தச் சம்பளம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பையனின் ஊர் மணவாளக்குறிச்சி என்று போட்டிருந்தது. எட்டு லட்சம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரிக்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. வீட்டையே தூக்கிக் கொடுக்கப் போகிற கல்லூரியை விசாரிக்க வேண்டாமா? கணவரும் சரி என்றார். மகளிடம் சொல்லாமல் கிளம்பினோம்.

பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் பையனின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். கடைக்காரர் என் பட்டுச்சேலையைப் பார்த்தார், கணவரின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். "நல்ல பையனாக்கும். தைரியமா போங்க" என்று சிரித்தார். நாங்கள் போவதற்குள் போன் போய்விட்டது போல. பையனின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நாற்காலி போட்டு, டீயும் மிக்சரும் வைத்து, "பொண்ணு என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நாக்கு எழவில்லை. தவிர, பெண் வீட்டார் என்று நினைத்தால் உள்ளதைச் சொல்வார்கள் என்று ஒரு அற்ப புத்தியும் இருந்தது. பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தை யாராவது குறைத்துச் சொல்வார்களா? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"வருசத்துக்கு எட்டு லட்சம் கேட்டியளா. இப்ப வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேல. அந்த ரூமுக்குள்ள மீட்டிங்ல இருக்கான்" என்றார். பையன் கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி சாத்திக்கொண்டான். என் போன் நம்பரை அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும், செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பையன் பைக்கில் வந்து இறங்கினான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"ஆன்டி, அம்மா சொன்னது ஒண்ணும் நெசமில்ல. உங்க பொண்ண எனக்குத் தந்துராதீங்க" என்றான்.

எட்டு லட்சம் என்பது, பாலிசி விற்றுக் கொடுத்தால் கிடைக்கிற ஊக்கத்தொகையையும் சேர்த்துப் போட்ட கணக்காம். கைக்கு வந்தது மாதம் இருபத்திரண்டாயிரம். சென்னையில் வீடு வீடாகப் போய் இன்சூரன்ஸ் பிடிக்கிற வேலை. வாங்கிய கடன் பன்னிரண்டு லட்சம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்றார்களே தவிர, வட்டி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. படித்து முடிக்கையில் பதினைந்து லட்சம். மாதத் தவணை மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். எட்டு மாதத்தில் வேலையும் போய்விட்டது.

"பேங்க் நோட்டீஸ் வந்தாச்சு. தபால்காரர்ட்ட இருந்து நான்தான் வாங்கி மறச்சு வச்சிருக்கேன். நீங்க உக்காந்திருந்தீங்கல்லா, அந்த வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. நோட்டீஸ் வந்ததும், வேல போனதும் அம்மைக்குத் தெரியாது" என்றான்.

அவன் வீட்டைப் பற்றிச் சொன்னான், எனக்கோ என் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது கண்ணில் தெரிந்தது. கணவர்தான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நாங்க கல்யாணத்துக்கு வரல. அந்த காலேஜ்ல மகளச் சேக்கதுக்கு விசாரிக்க வந்தோம்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். பையிலிருந்த புத்தகத்தைக் காட்டினேன். தன் படத்தைப் பார்த்து, "இந்தக் கோட்டு அவிய குடுத்தது. போட்டோ எடுத்ததும் கழத்தி வாங்கிட்டாவ" என்றான். பிறகு, எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டான். பதினான்கு என்றேன். தன் நம்பரைக் கொடுத்து, "உங்க மகள எனக்கு போன் போடச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்ப மாட்டா" என்றான்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பேங்குக்குப் போகவில்லை. மகள் நான்கு நாள் எங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள். அழுதாள். இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே, அரசுக் கல்லூரியில் எம்.பி.ஏ. சேர நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அங்கே கட்டணம் எங்கள் கைக்கு எட்டுகிற அளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என்னை அழைத்தார். "எக்கா, எம் பையன பொண்ணுக்குப் பிடிக்கலியா? நல்ல சம்பளமாக்கும்" என்றார். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்? "மக இப்ப கல்யாணம் வேண்டாம்னு சொல்லுதா" என்று போனை வைத்துவிட்டேன். அவன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டானா என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. முன்பின் தெரியாத எங்கள் மகளுக்காக அந்தப் பிள்ளை நடுரோட்டில் நின்று தன் மானத்தை விட்டுக் கொடுத்தான், அவன் வீட்டுக்கு நான் திருப்பிக் கொடுத்தது ஒரு பொய்தான்.